திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு முதல்முறை போகிறீர்களா? ஒரு சீரியல் ரசிகன் பட்ட பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உலக சினிமா ஆள் கிடையாது. ராத்திரி எட்டரைக்கு அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை கொரியன் தொடர். மாதம் ஒரு படம் தியேட்டரில். பார்த்ததைப் பற்றி டீக்கடையில் அரை மணி நேரம் வாயடிப்பேன், அவ்வளவுதான் என் தகுதி. இப்படிப்பட்டவன் 2023 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய், இரண்டு நாள் தங்கி, மூன்றே படம் பார்த்துவிட்டு, கால் வீங்கித் திருநெல்வேலி திரும்பினேன். மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்றது, ஆட்டோ தேடியது, தப்பான தியேட்டர் வாசலில் முழித்தது. அடுத்த வருஷம் ஒழுங்காகத் திட்டம் போட்டுப் போனேன். நான்கு நாளில் பதிமூன்று படம். இரண்டுக்கும் நடுவே கற்றுக்கொண்டது கீழே.

1. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டை அதற்கு முன்பே போடுங்கள்

விழாவை நடத்துவது கேரள மாநில சலச்சித்திர அகாடமி, அதாவது திரைப்பட அகாடமி. எல்லாரும் ஐ.எஃப்.எஃப்.கே. என்றுதான் சொல்வார்கள். கொஞ்ச வருஷமாக டிசம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளியோடு முடிகிறது. 2023இல் டிசம்பர் 8 முதல் 15 வரை, 2024இல் 13 முதல் 20 வரை. தேதி அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் ரயிலில் இடம் இருக்காது.

காரணம் விழாக் கூட்டம் இல்லை. அது சபரிமலை சீசன். மண்டல பூஜைக் காலத்தில் கேரளா பக்கம் போகிற எந்த ரயிலிலும் மாலை போட்ட சாமிகள்தான். ரயில்வே முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. அப்படியானால் அக்டோபர் இரண்டாம் வாரமே உட்கார்ந்து டிக்கெட் போட்டுவிட வேண்டும். விழாத் தேதி மாறினால் ரத்து செய்துகொள்ளலாம், போவது கொஞ்சம் பணம்தான்.

நெல்லை, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் பஸ்ஸை நம்பியும் கிளம்பலாம். ஆனால் நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்தானே என்று கணக்குப் போடாதீர்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊருக்கு ஊர் நின்று நகர்கிற சாலை அது. முதல் வருஷம் காலைக் காட்சிக்கு என்று பஸ் ஏறி, மத்தியானக் காட்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். முந்தின நாள் ராத்திரியே போய்விடுவதுதான் நல்லது.

2. டெலிகேட் பாஸ்: என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

இங்கே படத்துக்குப் படம் டிக்கெட் கிடையாது. ஒரே பாஸ், எட்டு நாளும் செல்லும். டெலிகேட் என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். கட்டணம் கட்டும் யாரும் டெலிகேட்தான், 18 வயது முடிந்திருந்தால் போதும். தணிக்கை ஆகாத படங்கள் என்பதால்தான் அந்த வயதுக் கட்டுப்பாடு. பிள்ளைகளைக் கூட்டிப் போகும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

2024இல் நான் கட்டியது ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய். மாணவர்களுக்கு அதில் பாதி, 590. பதிவு நவம்பரில் விழாவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் திறக்கும். பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சம்பளம் வரட்டும் என்று முதல் வருஷம் தள்ளிப்போட்டு, கடைசி நேரத்தில்தான் உள்ளே நுழைந்தேன்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை:

- ஆதார் மாதிரி ஏதாவது ஓர் அடையாள அட்டை. பதிவில் அதில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம்மூர்க் குழப்பம் இங்கே வேண்டாம்.
- பாஸ்போர்ட் அளவு போட்டோ, கோப்பாக. கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து என் தலையை மட்டும் வெட்டி ஏற்றினேன். பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் தோளும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த அட்டையைத்தான் இரண்டு நாளும் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன்.
- மாணவர் என்றால் கல்லூரி அடையாள அட்டை அல்லது கல்லூரியில் வாங்கிய சான்று. ஏற்கெனவே காலாவதியான அட்டையை நீட்டாதீர்கள்.
- எப்போதும் திறந்து பார்க்கும் மின்னஞ்சலும், விழா முடியும்வரை மாற்றப்போகாத செல்போன் எண்ணும்.

பணம் கட்டியதும் வரும் ரசீதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தால் ஒரு தாளில் பிரிண்ட்டும்.

3. தங்கும் இடம்

தம்பானூரில் தங்குங்கள். ரயில் நிலையமும் கேரள அரசு பஸ் நிலையமும் எதிரெதிரே அங்கேதான். கைரளி, ஸ்ரீ, நிளா என்ற மூன்று அரங்குகள் ஒரே வளாகத்தில் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. நியூ தியேட்டர், ஏரீஸ் பிளெக்ஸும் பக்கம்தான். மாஞ்சாலிக்குளம் சாலையில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கும். நானும் கூட்டாளி ஒருத்தனும் அறையைப் பகிர்ந்துகொண்டோம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ஆனது. தனியாகப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு ஆகும்.

போனில் பேசி வைத்ததை மட்டும் நம்பாதீர்கள். ஓரிடத்தில் "ரூம் உண்டு, வந்நோளூ" என்றார்கள். போய் நின்றால் சாமிமார் கூட்டம் மொத்தமாக எடுத்துக்கொண்டது என்று கையை விரித்தார்கள். கொஞ்சமாவது முன்பணம் அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் அசலும் நகலும் இரண்டும் கையில் இருக்கட்டும்.

4. அட்டையும் பையும் வாங்கும் நாள்

விழாவின் தலைமை இடம் வழுதக்காட்டில் உள்ள டாகோர் தியேட்டர். அட்டை, பை, படங்களைப் பற்றிய கையேடு, அட்டவணை எல்லாம் அங்கேதான் தருவார்கள். விழா தொடங்குவதற்கு முன்பே கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தொடங்கிய நாள் காலையில் போனால் அந்த வரிசையிலேயே முதல் படம் கைவிட்டுப் போகும். வியாழக்கிழமையே போய் வாங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை நிம்மதி.

தம்பானூரிலிருந்து டாகோருக்கு ஆட்டோவில் போகலாம். ஆட்டோக்காரர் தானாகவே மீட்டரைப் போட்டார், நான் ஒரு நிமிஷம் அசந்துபோனேன். குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். டாகோரிலிருந்து கலாபவன் தியேட்டருக்கு நடந்தே போய்விடலாம், கனகக்குன்று நிஷாகந்தி அரங்குக்கும் நடப்பவர்கள் உண்டு. ஸ்ரீபத்மநாபா தியேட்டர் மட்டும் கிழக்குக்கோட்டைப் பக்கம் தள்ளி இருக்கிறது. முதல் நாளே ஒரு சுற்றுப் போய் எது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீ வேறு, ஸ்ரீபத்மநாபா வேறு. இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

5. எந்தப் படத்தைப் பார்ப்பது?

2024இல் நூற்றெழுபதுக்கும் மேல் படங்கள், பதினைந்து அரங்குகள். அட்டவணையை விரித்ததும் எனக்குத் தலை சுற்றியது. பெயர் தெரிந்த இயக்குநர் ஒருத்தர்கூட இல்லை. கூட்டாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, பஞ்சாங்கம் மாதிரி இருக்கு?" என்றான். பழக்கப்பட்டவர்கள் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே போவார்கள். அவர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். எனக்குப் பலித்த வழி இது.

கையேட்டில் நான்கு விஷயத்தை மட்டும் பாருங்கள்: நாடு, எத்தனை நிமிடம், எந்தப் பிரிவு, கதைச் சுருக்கத்தின் முதல் இரண்டு வரி. மூன்றாவது வரியிலிருந்து "இருப்பின் நிலையாமையை ஆராயும்" என்ற மாதிரி வாசகங்கள் தொடங்கிவிடும். அதற்குள் போனால் எல்லாப் படமும் ஒரே படமாகத் தெரியும்.

நிமிடம் முக்கியம். முதல் வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு படத்துக்குப் போனேன். குளிரூட்டிய அரங்கு, வயிறு நிறையக் குத்தரிசிச் சோறு, திரையில் பனி கொட்டுகிறது. முழிப்பு வந்தபோது கதாநாயகன் இறந்துபோயிருந்தான். ஏன் என்று இன்றுவரை தெரியாது. நீளமான படத்தைக் காலையில் வையுங்கள், மத்தியானத்துக்குத் தொண்ணூறு நிமிடப் படம் போதும்.

பிரிவுகளைப் பற்றி என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்:

சர்வதேசப் போட்டிப் பிரிவில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்கள் மட்டும்தான் வரும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். போட்டிப் படம் என்றால் புரியாது என்று பயந்து 2023இல் ஒன்றுகூடப் பார்க்கவில்லை, பெரிய மடத்தனம். வீட்டு வாடகை, சொத்துத் தகராறு, கட்டிக்கொடுத்த பெண், கோபக்கார அப்பா என்று நம் வீட்டுக் கதைதான் அதில் பெரும்பாலும். ஒரு கிழவி பட்டாணி உரிப்பதை நான்கு நிமிடம் அசையாமல் காட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் நெளிந்தார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நம் சீரியல்களில் மாமியார் ஒருத்தி கதவைத் திறந்து உள்ளே வர மூன்று எபிசோடு ஆகிறது, நடுவே எட்டுப் பேர் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள். அதற்கெல்லாம் பொறுமையாக இருந்த நமக்குப் பட்டாணி என்ன கஷ்டம்? ஒன்று மட்டும் வித்தியாசம். சீரியலில் கிழவியின் மனசில் என்ன ஓடுகிறது என்று பின்னணி இசை சொல்லிவிடும். இங்கே கையைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். பட்டாணி தீர்ந்ததும் வெறும் தோலைத் திரும்பவும் உரித்தாள் பாருங்கள், அப்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மலையாள சினிமா இன்று என்று ஒரு பிரிவு உண்டு. கூட்டம் அள்ளும். பாதி மலையாளம் நமக்குப் புரியும், ஆங்கில சப்டைட்டிலும் இருக்கும். ஆனால் அரங்கமே வசனத்துக்குச் சிரித்து முடித்த பிறகுதான் சப்டைட்டில் படித்து நான் சிரித்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

உலக சினிமா பிரிவில் வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கிய பெரிய பெயர்கள் இருக்கும். அவற்றில் சில, நாலைந்து மாதத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடும். அதற்காக இரண்டு மணி நேரம் நிற்காதீர்கள். பழைய படங்களைப் புதுப்பித்துத் திரையிடுவது வேறு விஷயம். பெரிய திரையில் அதைப் பார்க்க இனி வாய்ப்பு வராது, விடாதீர்கள்.

தொடக்கப் படத்தையும் விடாதீர்கள். தொடக்க விழா என்றால் பேச்சு, பொன்னாடை, நெரிசல் என்று நினைத்து 2024இல் நிஷாகந்திக்குப் போகாமல் ஊரிலேயே இருந்துவிட்டு, விழாவின் கடைசி நான்கு நாளுக்குத்தான் போனேன். அன்று போட்டது பிரேசில் இயக்குநர் வால்டர் சாலஸின் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்'. சர்வாதிகார ஆட்சியில் கணவனைப் பிடித்துக்கொண்டு போய்விட, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு தாயின் கதை. என்னைப் போன்ற குடும்பக் கதைக்காரனுக்கென்றே எடுத்த மாதிரி. அடுத்த மார்ச்சில் அதற்குச் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. அன்று நான் அதை எங்கே பார்த்தேன்? போனில், செய்தியாக.

ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு படம் குறித்து வையுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து அரங்கில் இருக்க வேண்டும். ஒன்று நிறைந்துவிட்டால் ஓடிவிடலாம்.

6. காலை 8 மணி அலாரம்

முதல் வருஷம் எனக்குத் தெரியாமல் போனது இதுதான். பாஸ் இருந்தால் மட்டும் இருக்கை கிடைத்துவிடாது. படத்துக்கு முந்தின நாள் காலை 8 மணிக்கு விழாத் தளத்திலும் செயலியிலும் முன்பதிவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குச் சனிக்கிழமை காலையில். பேச்சு அடிபடுகிற படங்கள் சில நிமிடத்தில் நிறைந்துவிடும். ஓர் ஆள் எத்தனை பதியலாம், எத்தனை இருக்கை முன்பதிவுக்கு, எத்தனை வரிசைக்கு என்ற விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். கையேட்டோடு வரும் விதிமுறைத் தாளை அன்றைக்கே படித்துவிடுங்கள்.

நான் செய்தது: ராத்திரியே படங்களைத் தேர்ந்தெடுத்துத் தாளில் வரிசைப்படி எழுதி வைத்தேன். ஏழே முக்காலுக்கே உள்நுழைந்து காத்திருந்தேன். மிகவும் பிடிவாதமாகப் பார்க்க நினைக்கும் படத்தை முதலில் பதிந்தேன், நேர வரிசைப்படி அல்ல. லாட்ஜ் வைஃபையை நம்பாமல் செல்போன் டேட்டாவைப் பயன்படுத்தினேன். 8 மணிக்குப் படத்தின் பெயரைத் தேட ஆரம்பித்தால் முடிந்தது கதை.

பதிந்துவிட்டுப் போக மனமில்லை என்றால் ரத்து செய்துவிடுங்கள். வாசலில் ஒருத்தன் உங்கள் இருக்கைக்காக நின்றுகொண்டிருப்பான். முதல் வருஷம் அது நான்தான்.

7. வரிசை

முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு வரிசை, செய்யாதவர்களுக்கு இன்னொன்று. எது எது என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். முக்கால் மணி நேரம் தப்பு வரிசையில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. முன்பதிவு இருந்தாலும் அரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். நேரத்துக்கு வராதவர் இருக்கை வரிசையில் நிற்பவருக்குப் போய்விடும். முன்பதிவு கிடைக்கவில்லை என்றாலும் சோர்ந்துவிட வேண்டாம். பெரிய அரங்குகளில் ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றபோதெல்லாம் பெரும்பாலும் உள்ளே போய்விட்டேன். சின்ன அரங்குகளில் அந்தக் கதை நடக்காது.

எந்தப் படம் நல்ல படம் என்று தெரிந்துகொள்ளவும் வரிசைதான் சரியான இடம். கையேட்டில் இல்லாத விஷயம் அங்கே கிடைக்கும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், எழுபது வயதிருக்கும், தினம் நான்கு படம் பார்க்கிறவர். "மோனே, ஆ படம் காணண்டா, உறக்கம் வரும்" என்று ஒரு படத்தைத் தடுத்தார். இன்னொன்றுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போகாத குறையாக அனுப்பினார். இரண்டாவதுதான் அந்தப் பட்டாணிப் படம். தமிழ் பேசினால் எல்லாருக்கும் புரிகிறது, மெதுவாகப் பேசினால் போதும். கோவில்பட்டி, மதுரை, கோவை ஆட்களையும் அங்கேயே பார்ப்பீர்கள்.

படம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் முப்பது நிமிடம் கெடு வைத்திருந்தேன். பதிமூன்றில் இரண்டிலிருந்து வெளியே வந்தேன். குனிந்து வாருங்கள், போன் வெளிச்சம் வேண்டாம்.

8. சாப்பாடு, தூக்கம், செலவு

ஒரு நாளில் ஐந்து படம் பார்க்க முடியும். பார்க்காதீர்கள். மூன்றுக்கு மேல் போனால் ஈரான் படத்து அண்ணனும் சிலி படத்து மாமாவும் மண்டைக்குள் ஒரே குடும்பம் ஆகிவிடுகிறார்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் கட்டன் சாயா ஒன்று வாங்கிக்கொண்டு, கையேட்டில் அந்தப் படத்தின் ஓரத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். பிடித்ததா, எந்தக் காட்சி, எங்கே கொட்டாவி வந்தது, இவ்வளவு போதும். இந்த இரண்டு வரி ஒன்பதாவது படியில் தேவைப்படும்.

தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிச் செங்கல் கோபுரம் மாதிரி வட்டமாக ஏறுகிற இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. சாய்ந்த தரையில் ஏறிக்கொண்டே போய் எங்கே மேஜை காலியோ அங்கே உட்கார வேண்டும். மசால் தோசையைப் பிட்டால் உள்ளே பீட்ரூட் சிவப்பாக இருக்கும், பயப்படாதீர்கள். அரங்குகளுக்குள் குளிர் அதிகம், ஒரு சால்வை வேண்டும். வெளியே வெயிலும் உண்டு, திடீர் மழையும் உண்டு. குடை, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் மூன்றையும் விழாப் பையிலேயே போட்டு வையுங்கள். பை எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் உங்கள் பையில் ஒரு நூல் கட்டிவிடுங்கள்.

நான்கு நாளைக்கு என் கணக்கு: பாஸ் 1,180, நெல்லையிலிருந்து ரயில் போக வர 300 சொச்சம், அறை நான்கு ராத்திரிக்கு 2,000, சாப்பாடு 1,500, ஆட்டோ 600. மொத்தம் 5,600 ரூபாய்க்குள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ரயிலுக்குக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் ஏறக்குறைய இதே வாரத்தில்தான், 2024இல் டிசம்பர் 12 முதல் 19 வரை நடந்தது. லீவு கிடைக்காவிட்டால் அதற்கே போகலாம்.

9. வோட்டுப் போடுங்கள்

போட்டிப் பிரிவுப் படங்களுக்கு நடுவர்கள் பரிசு கொடுப்பது தனி. பார்வையாளர் விருது என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வோட்டுப் போடுவது பாஸ் வைத்திருக்கும் நாம்தான். சினிமா படித்தவருக்கும் சீரியல் பார்க்கிற எனக்கும் ஆளுக்கு ஒரே வோட்டு. 2022 மார்ச்சில் நடந்த விழாவில் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' அந்த விருதை வாங்கியது. குடிகார அப்பனும் பையனும் பொட்டல் வெயிலில் நடக்கிற நம்மூர்ப் படத்துக்கு, அந்த ஊரில் அவ்வளவு பேர் வோட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எப்படி, எந்த நாள்வரை போடலாம் என்பதை விழா நடுவில் அறிவிப்பார்கள், விழாத் தளத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். போட்டிப் படங்களில் நாலைந்தாவது பார்த்துவிட்டு, கையேட்டு ஓரத்தில் எழுதியதைப் புரட்டிப் பார்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் பார்த்த படத்துக்கே கை போகும், அது நியாயமில்லை.

10. திரும்பும் ரயில்

முடிவு விழா கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிஷாகந்தியில். விருது கொடுத்து முடித்ததும் சுவர்ண சகோரம் என்ற முதல் பரிசை வாங்கிய படத்தை அங்கேயே திரையிடுவார்கள். இதை அறியாமல் வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். நான் வோட்டுப் போட்ட படம் ஜெயித்ததா என்று நாகர்கோவில் தாண்டும்போது கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. டிக்கெட்டைச் சனிக்கிழமை காலைக்குப் போடுங்கள், அறையையும் அந்த ராத்திரிக்குச் சேர்த்தே பேசிவிடுங்கள்.